கேனில் போட்ட கோடு

2008 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். கோவில் மணி ஐந்தே முக்காலுக்கு அடித்தது. அன்று பூசைக்குப் போகவில்லை. ஒன்றாம் தேதி எங்கள் வீட்டில் பேட்டரி பார்க்கும் நாள். காபி குடித்தபின் டார்ச் விளக்குடன் கூடத்து மூலைக்குப் போய், இன்வெர்ட்டருக்கு அடியில் இருந்த பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் மட்டம் பார்த்தேன். ஆறிலும் சரியாக இருந்தது. பக்கத்தில் இருந்த டிஸ்டில்டு வாட்டர் கேனிலும், தண்ணீர் நிற்கும் இடத்தில் மாதாமாதம் போடுவதுபோல மார்க்கரால் கோடு போட்டேன். ‘மட்டம் சரி. ஊற்றிய தண்ணீர்: இல்லை’ என்று டைரியில் எழுதினேன். மார்ச் முதல் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அதையே எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த பேட்டரி மின்விசிறிக்காக வாங்கியதல்ல. என் அக்கா முப்பத்தொரு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. நுரையீரல் கெட்ட பிறகு எங்களோடு வந்துவிட்டார். மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷின் கூடத்திலேயே போட்டிருந்த அவர் கட்டிலருகே நாள் முழுவதும் ஓடியது. அதன் குழாயை மூக்கிலிருந்து எடுத்தால் பத்து நிமிடத்தில் அவருக்கு நகம் நீலம் பாரிக்கும். மின்சாரம் போனால் பேட்டரிதான். அதுவும் போனால், கட்டிலுக்குப் பின்னால் ஒரு சிறிய சிலிண்டர்.

அதுவரை ஒரு மணி நேரமாக இருந்த மின்வெட்டை அந்த வாரம்தான் எங்கள் தெருவுக்கு இரண்டு மணி நேரமாக ஆக்கியிருந்தார்கள். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. புதிதில் மூன்று மணி நேரம் தாங்கிய பேட்டரி. ஜூன் மாதத்தில் செம்பட்டிக்காரரான எங்கள் எலக்ட்ரீஷியன் வந்தபோது, மின்வெட்டு முடிவதற்குள்ளாகவே இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்துவதைக் கேட்டுவிட்டு, “சார், இது எளைச்சுப் போச்சு. டியூபுலர் பேட்டரி மாத்திருவோம். அது தடி ஆளு, தாங்கும்” என்றார். நான் டைரியைப் புரட்டி, நான்கு மாதமாகத் தண்ணீர்கூடக் குறையவில்லை என்று காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “டைரி நல்லாத்தான் இருக்கு சார். நான் பேட்டரியச் சொல்றேன்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. மாற்றவில்லை.

அன்று பத்து ஐம்பத்தைந்துக்கு ஆபீசுக்கு மனைவியின் போன் வந்தது. “மெஷின் நின்னுபோச்சுங்க. சிலிண்டரத் திருகுறேன், திரும்ப மாட்டேங்குது. வாங்க.” போன் வைக்கப்படவில்லை, மேசைமேல் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். பின்னால் அக்கா இருமுவது கேட்டது.

பதினொன்று எட்டுக்கு வீட்டை அடைந்தேன். அதற்குள் அவள் சிலிண்டரைத் திறந்துவிட்டிருந்தாள். திறவுகோல் வழுக்கி அவள் கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது. அக்கா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்தார், பேச மூச்சு இல்லை. சிலிண்டரின் முள் மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மூவரும் பன்னிரண்டு மணிவரை இருந்தோம். மின்சாரம் வந்தபோது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

இரண்டரை மணிக்கு எலக்ட்ரீஷியன் மொபெட்டின் முன்புறம் டியூபுலர் பேட்டரியை வைத்து, சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார். பழையதைக் கழற்றி வெளிச்சத்துக்கு இழுத்து மூடிகளைத் திறந்தார். உள்ளே ஈயத் தகடுகளின்மேல், பல நாள் சுடுதண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் படிவதுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

“என்ன தண்ணி சார் ஊத்துனீங்க?”

“ஒன்றுமே ஊற்றவில்லை. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் இதற்குள் போனதில்லை.”

“அந்தக் கேனக் காட்டுங்க.”

எடுத்து வந்தேன். பிப்ரவரியில் வாங்கிய ஐந்து லிட்டர் கேன். கோடு வரை, கழுத்தளவு இருந்தது. அவர் அதை ஆட்டிப் பார்த்தார். “ஏழு மாசம். ஒரு கோடை முழுக்க தெனமும் கரண்டு போயிருக்கு. கேன்ல சொட்டுக் கொறையல. அப்ப பேட்டரி எதக் குடிச்சு உசுரோட இருந்துச்சு?”

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி, “நான்தான் ஊத்துனேன்” என்றாள். “நல்ல தண்ணி.”

எங்கள் ஊரில் குழாயில் குடிதண்ணீர் எட்டு, பத்து நாளைக்கு ஒரு முறைதான் வரும். மற்றதெல்லாம் போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு. குடிதண்ணீரை நாங்கள் அண்டாக்களில் பிடித்து, துணி கட்டி மூடி, சொட்டு வீணாக்காமல் செலவழிப்போம். எங்கள் வீட்டில் அதைவிட உயர்ந்த தண்ணீர் கிடையாது.

“வடிகட்டி, கொதிக்கவச்சு, ஆறவச்சுத்தான் ஊத்துனேன்” என்றாள் எலக்ட்ரீஷியனிடம்.

“கொதிக்கவச்சா கிருமிதாம்மா சாகும். உப்பு அப்படியேதான் இருக்கும். குடிதண்ணியிலயும் உப்பு உண்டு, நமக்குத் தெரியாது. பேட்டரிக்குத் தெரியும்.” பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, “பரவால்ல விடுங்க, எங்க வீட்டம்மா கஞ்சித்தண்ணி ஊத்தாம விட்டாளேன்னு இருக்கேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவர் புதியதைப் பொருத்தி, மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். அதன்பிறகுதான் கேட்டேன்: “கேன் பக்கத்திலேயே இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன?”

“அதுல நீங்க கோடு போட்டு வச்சிருக்கீங்க. எடுத்தா தெரிஞ்சிரும்.”

“தெரிந்தால் என்ன?”

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். “பிப்ரவரில கொறஞ்சிருந்துச்சுன்னு மதினி முன்னாடி ஏசுனீங்க. வீட்லதான இருக்க, இதக்கூடப் பாக்க மாட்டியா, அக்கா உசுரு இதுல இருக்குன்னு. அன்னையிலேர்ந்து மாசக் கடைசியில பாத்து ஊத்தி வச்சிருவேன். ஒண்ணாந்தேதி நீங்க பாக்கும்போது சரியா இருக்கும்.”

ஏசியது எனக்கு நினைவில்லை. டைரியில் பிப்ரவரியைப் புரட்டினேன். ‘மட்டம் குறைவு. 400 மில்லி ஊற்றினேன்’ என்று மட்டும் இருந்தது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாலையில், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, என்னிடம் பேசினார். “ஏலே... பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வாரதுக்கு முந்துன நாளு... நாங்களும் இப்படித்தான். ஓட்டச் சுவத்துல படத்த ஒட்டி மறைப்போம். அவரு வந்து பாத்துட்டு... எல்லாம் திருப்தின்னு எழுதிட்டுப் போவாரு.” பிறகு, “அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாத” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதையும் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் இருந்தபோதே, ஜூனில் மாற்றச் சொன்னதை மறுத்தவன் நான்தான் என்று மனைவி காதுபடச் சொல்லியிருக்கலாம். அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பும்வரை நேரம் இருந்தது. தெருவில் நின்று கையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

அக்காவின் பார்வை அன்றிலிருந்து கதவையும் சன்னலையும் விட்டு, இன்வெர்ட்டரின் பச்சை விளக்கிலேயே நின்றது. மனைவி இரவுச் சாப்பாட்டை வைத்துவிட்டு, விரலில் துணி சுற்றிய கையோடு அக்கா காலடியில் போய் உட்கார்ந்தாள். கூடத்தின் அந்த மூலைப் பக்கம் அவள் திரும்பவில்லை. டைரியில் அன்றைய பக்கத்தில் காலையில் எழுதிய ‘மட்டம் சரி’ இருந்தது. அடிக்கவில்லை, கீழே நடந்ததை எழுதினேன்.

மறுநாள் ஐந்து இருபதுக்கு எழுந்ததும் முதல் வேலையாகப் பழைய பனியன் துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து, கேனில் இருந்த கோட்டை அழித்தேன். மாதம் ஒன்றாக ஒரே இடத்தில் ஏழு முறை போட்ட கோடு, அழிய நேரம் பிடித்தது.