காய்ச்சி ஆற்றிய தண்ணீர்

புது ராசாவின் தலை போட்ட துட்டு எங்கள் ஊர்ப் பக்கம் புழங்க ஆரம்பித்திருந்த காலம். முக்கூடலில் எங்கள் வீட்டுக்கு இளைய மருமகளாக என் கொழுந்தன் மனைவி வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வெறும் அழகியாக இருந்திருந்தால் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். படிப்பும் பணிவும் ஒருத்தியிடமே இருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

எங்கள் வீட்டில் விடியுமுன் ஆற்றில் முதல் குடம் எடுப்பது மூத்த மருமகளின் பாத்தியதை. சாமிக்கும் சோற்றுக்கும் குடிப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான். அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துத் தெருவில் வரும்போது என் நடையே வேறாக இருக்கும். வந்தவள் என்ன செய்தாள்? என் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆற்றிக் குடித்தாள்.

காய்ச்சிய தண்ணீர் எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும்தான்.

"ஏளா, என்னத்துக்கு வெந்நி? மேலுக்குச் சொகமில்லையா?" என்று மாமியார் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல அத்தை. ஆத்துத் தண்ணி வழியாத்தான் வாந்திபேதி பரவும்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காவ. காய்ச்சினா பயமில்லையாம்" என்றாள், குனிந்த தலை நிமிராமல்.

அவள் ஆற்றைச் சொல்லியிருந்தால் ஆறு பார்த்துக்கொள்ளும். எனக்கு அவள் என் குடத்தைச் சொன்னதாகவே பட்டது. அன்றிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் கூட்டம் கூடிக் கலைந்த கையோடு ஊருக்குள் பேதி வந்தது. எங்கள் தெருவின் கோடி வீட்டில் ஒரே வாரத்தில் தகப்பனும் மகனும் போய்விட்டார்கள். எனக்கு இருந்தது ஒரே மகள், பால்பல் விழுகிற வயசு. அவளை வாசல் தாண்ட விடாமல் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் அவளுக்குத் தண்ணீர் நீட்டினேன்.

"வேண்டாம்மா. சித்திட்ட குடிச்சிட்டேன்" என்றாள்.

பெற்றவள் கைத்தண்ணீர் வேண்டாமாம். அந்த ஒரு சொல்லில் பேதிப் பயம் கூட எனக்குப் பின்னால் போய்விட்டது. நீ என் குடத்தை எடுத்தாய், பிள்ளையையும் எடுப்பாயோ?

சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் முதல் குடத்தை அப்படியே பெரிய பானையில் கவிழ்த்தேன். பனமட்டையை வைத்து எரித்துத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். மெல்லிய துணியில் வடிகட்டி, புது மண்பானையில் ஊற்றி, வெட்டிவேர் போட்டு மூடி வைத்தேன். அவள் ஒரு செம்பு காய்ச்சினால் நான் ஒரு குடம்.

"வெறகு என்ன வெள்ளத்துலயா வருது?" என்றார் மாமியார்.

"பிள்ளைக்குப் பேதி வந்தா வேற காரியத்துக்குல்லா வெறகு அடுக்கணும், அத்தை."

அவரே இன்னொரு மட்டையை எடுத்து அடுப்பில் தள்ளினார்.

வீடு முழுவதும் என் தண்ணீரைக் குடித்தது. சில நாளில் மகளும் செம்பைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள். இளையவள் தனியாகக் காய்ச்சுவதை விட்டுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரிக்கு என்மேல் எப்போதும் ஒரு கண். வெட்டிவேர் வாசனை அவள் வாசலை எட்டியதும் அவளும் பானை ஏற்றினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. இப்படியே தெரு முழுவதும் தண்ணீர் கொதித்தது.

நோய் அடங்கிய பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள், எதில் வைக்கிறீர்கள், யார் யார் படுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். கோடி வீட்டைத் தவிர எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், காய்ச்சும் பழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் தொண்டையைச் செருமினேன். மாமியாரோ இளையவளைக் கைகாட்டினார்.

"நான் எனக்குன்னு ஒரு செம்புதான் வச்சேன். எல்லாருக்கும்னு வச்சது அக்காதான்" என்றாள் அவள்.

என்னவோ எனக்குப் பிச்சை போடுவது போல இருந்தது. இன்ஸ்பெக்டர் என் மகளிடம் குனிந்து, "பாப்பா, நீ யாரு தண்ணி குடிக்கிறே?" என்றார்.

"அம்மா தண்ணி. முன்ன சித்திட்ட கேட்டதுக்குத் தரமாட்டேன்னுட்டா. அம்மா வைக்குததுதான் நல்ல தண்ணி, அங்கன போயிக் குடின்னு அனுப்பிட்டா."

இன்ஸ்பெக்டர் என்னைப் பாராட்டி ஏதோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. இளையவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எகத்தாளமாவது இருந்திருக்கலாம், அதுவும் இல்லை. என் மகள் பிழைத்தாள், என் கையால் குடித்துப் பிழைத்தாள். அதையும் இவள்தான் எனக்கு விட்டுக்கொடுத்தாள் என்றால், எனக்கென்று என்னதான் மிச்சம்?