தனவேல் அண்ணன் சொன்ன ‘யெஸ் சார்’

தனவேல் அண்ணன் போய்ட்டாராம்.

ஷிஃப்டுக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது நெய்வேலியிலிருந்து மெசேஜ். நெஞ்சுவலி... அவ்வளவுதான்.

ஒற்றை ஷூவோடு ரூமுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். இன்னொன்றைக் காணோம்.

போலந்தில் இருக்கிறேன். இங்கே தங்குவதற்கான என் ரெசிடென்ஸ் கார்டு ரின்யூவலில் கிடக்கிறது. இப்போது ஊருக்குக் கிளம்பினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள், வேலை காலி. டிக்கெட் சைட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன்... மறுபடியும் திறக்கிறேன்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டும் வேலை அண்ணனுக்கும் எனக்கும். எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டே வகை: பர்மனென்ட், கான்ட்ராக்ட். நாங்கள் இரண்டாவது. பெண் பார்க்கப் போன இடங்களில் மட்டும் மூன்றாவது: ரிஜெக்ட்.

நான் முதல்முறை தலைக்கு டை அடித்துக்கொண்டு போன அன்று, அண்ணன் மொத்த கேங்க் முன்னாடியும் கேட்டார்: “இன்னாடா குமாரு, இந்தக் கறுப்பு பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?”

“கான்ட்ராக்ட்தாண்ணே. மாசாமாசம் ரின்யூவல்.”

போலந்து வேலைக்கு இரண்டு பேரும்தான் விண்ணப்பித்தோம். விசா இன்டர்வியூ மும்பையில். ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்... “அங்கேயே தங்கிடுவியான்னு கேட்டா, இல்ல, திரும்பி வந்துடுவேன்னு சொல்லணும்.”

ரயில் முழுக்க ஒத்திகை. நான்தான் ஆபீசர். (என் தொப்பையோடு வேறென்ன வேஷம் கிடைக்கும்?) அண்ணன் ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

உள்ளே ஒரு மேடம் கேட்டிருக்கிறார்: “டு யூ வான்ட் டு ஸ்டே தேர் பர்மனென்ட்லி?”

அண்ணன் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. எழுந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, அந்த மேடத்திடமே... “யெஸ் சார்! பர்மனென்ட் சார்!”

வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். “டேய், இத்தினி வருசமா நம்பள எவனும் கேக்காதத அந்தம்மா கேட்டுச்சிடா. எப்பிட்றா நோ சொல்றது?”

எனக்கு விசா வந்தது. அவருக்கு வரவில்லை.

ஊரில் அவர் விட்ட கதையே வேறு. “அங்க ஒரே குளுராம்பா. நமக்கு ஒத்துக்காது. நாந்தான் வோணாம்னு வந்துட்டேன்.” கேட்டவர்களிடமெல்லாம் நானும் அப்படியே சாட்சி சொன்னேன்.

இப்போது உண்மையை இங்கே முகநூலில் போட்டு உடைத்துவிட்டேன். ஒரு போன் போட்டுத் திட்டுங்கண்ணே... ப்ளீஸ்.

சற்றுமுன் அண்ணியிடம் பேசினேன். பின்னால் மேளச் சத்தம்.

“சாயந்திரம் எடுக்கறாங்க குமாரு. நீ வர்றியா?”

கார்டு, ரின்யூவல் என்று ஏதோ உளறினேன். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீ அங்க பர்மனென்ட் ஆயிட்டியாப்பா?”

“இல்லண்ணி. கான்ட்ராக்ட்தான்.”

“அப்ப வந்துடுவ.”

போனை வைத்துவிட்டார்.

இன்னொரு ஷூ கட்டிலுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. கீழே கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்...

வர்றேண்ணே.