காயாத களிமண்ணும் என் பேத்தியின் வேலையும்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கடைசி மகனின் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் வளர்ந்தன. இத்தனை பேரை ஆளாக்கியபோது யாரும் கேட்காத ஒரு கேள்வியை, கொஞ்ச காலமாக எங்கள் தோட்டத்து வீட்டு வரிசை, லயமே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

“பேத்திக்கு வேலை சரி வந்துருச்சா?”

போன புதன்கிழமை சரி வந்துவிட்டது. பதுளை ஆபீசிலிருந்து போன். அன்றைக்குத்தான் நான் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பேத்தி தர்ஷினி. எனக்குத் தெரிந்த எழுத்து, பஸ் போர்டில் பசறை எது, மொனராகலை எது என்று பிரித்துப் பார்க்கத்தான் போதும். ஆனால் எங்கள் லயத்திலிருந்து முதன்முதலில் கெம்பஸில் பட்டம் படிக்கப் போனது என் வீட்டுப் பிள்ளை. இதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும். நிமிரட்டும்.

சிக்கல் என்னவென்றால், அவள் படித்தது புவியியல்.

எங்கள் பக்கம் படிப்பு என்றால் ஒன்று டீச்சர், இல்லாவிட்டால் டாக்டர். புவியியல் படித்தால் என்ன ஆகலாம்? யாருக்குத் தெரியும்? ஒரு சுவர் தள்ளி, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராமாயிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

“ஏங்க்கா, மலையில பொறந்து மலையில வளந்த புள்ள, மலையைப் படிக்கவா கெம்பஸ் போச்சு? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே.”

அவள் அப்படிப் பேசலாம். அவளுடைய பேரன் ஸ்கூலிலேயே வர்த்தகம் படித்துவிட்டு கொழும்பில் கம்பெனியில் இருக்கிறான். தீபாவளிக்கு வரும்போது ஷூவோடு வருவான். மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், ஒரு பெண் கம்ப்யூட்டர் படித்தது — எந்த நாட்டுக்காரனுக்கோ வேலை செய்கிறதாம். சிக்னலுக்காகத் தண்ணீர் டாங்கி மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும். அதே கணக்கில் இந்து நாகரிகம் படித்த பையன் பதுளையில் துணிக்கடையில் நிற்கிறான். அரசாங்க நியமனம் வருகிற வரைக்கும்தான் என்று சொல்கிறான்... பாவம், சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

தர்ஷினியும் போகாத இன்டர்வியூ இல்லை. கடைசியில் மண்சரிவு பார்க்கிற ஓர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். “இதுவும் சரி வரலைன்னா கொழும்புல கடை வேலைக்குப் போயிர்றேன் அப்பாயி” என்றாள். அழவில்லை. பேக்கில் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

இன்டர்வியூவுக்காகப் பதுளைக்குப் போனவள், அங்கேயே சிநேகிதி வீட்டில் தங்கி, சாயந்திரம் போன் எடுத்துப் பேசினாள்.

“அப்பாயி, கடைசிச் சோதனை ஒன்னு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு எடத்தைக் காட்டணுமாம். நம்ம லயத்தைச் சொல்லியிருக்கேன். நாளைக்கி ஆபீஸ் பெரியவரு, அந்த மாத்தியாவோட ஜீப்புல வர்றேன். நீங்க ஒன்னும்...”

சிக்னல் போய்விட்டது.

‘நீங்க ஒன்னும்’ என்ன? கவலைப்படாதீங்க என்றுதானே சொல்லியிருப்பாள்? நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தாலும், தோட்டத்துத் துரை வந்தாலும், சாமி ஊர்வலம் வந்தாலும் லயம் வெள்ளையாக இருக்க வேண்டும். வேலை கொடுக்க வருகிறவர் மட்டும் இளப்பமா? போன மழைக்குப் பிறகு எங்கள் லயம் முழுக்க வெடிப்பு. தரையில், சுவரில், ஒவ்வொரு காம்பராவிலும் கொஞ்சம் கொஞ்சம். இதையா அந்த மாத்தியா பார்ப்பது?

“எல்லாரும் வாங்கடி” என்றேன். என் சொல்லுக்கு இன்னும் ஆள் வரும். வெடிப்புகளில் களிமண்ணை வைத்து அடைத்து, தரையை வழித்து மெழுகி, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். ராமாயிதான் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். அதையும் சொல்ல வேண்டும்.

காலையில் ஜீப் வந்தது. தர்ஷினி இறங்கினாள். லயத்தைப் பார்த்தாள். ஜீப் கதவைச் சாத்தாமலே என்னிடம் வந்தாள்.

“அப்பாயி... வெடிப்பெல்லாம் எங்க?”

“அடைச்சாச்சு” என்றேன், பெருமையாக.

“அதைக் காட்டத்தானே அவரைக் கூட்டிக்கிட்டு வந்தேன்.”

என் காலுக்குக் கீழே ஒரு புது வெடிப்பு விழுந்த மாதிரி இருந்தது. ராமாயி மெல்ல என் பின்னால் ஒதுங்கினாள். மாத்தியா சுற்றிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் “எங்கே?” என்று கேட்டார். தர்ஷினி போனில் இருந்த படத்தைக் காட்டினாள். படம் எல்லோரும் காட்டுவார்கள், நான் நேரில் பார்க்கத்தான் வந்தேன் என்றார் அவர். அந்த அளவுக்கு எனக்குச் சிங்களம் விளங்கும்.

இவள் போனைப் பைக்குள் வைத்தாள். உள்ளே போய் எங்கள் காம்பரா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து தரையைத் தொட்டாள். அப்புறம்... சிரித்தாள்.

“ராமாயி பாட்டி, எல்லாக் காம்பராக் கதவையும் தொறக்கச் சொல்லுங்க.”

இரவெல்லாம் பனிமூட்டம். சுண்ணாம்பு காய்ந்திருந்தது, அதற்குள்ளே அடைத்த களிமண் காயவில்லை. வெள்ளைச் சுவரில் ஈரம் கறுப்பாகக் கோடு கட்டி நின்றது. தரையிலும் அதே கோடு. முன்பெல்லாம் அவரவர் காம்பராவில் அவரவர் வெடிப்பு. யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. கதவெல்லாம் திறந்ததும் தெரிந்தது — எங்கள் காம்பராவில் தொடங்கி, சாய்வாக ஒவ்வொரு வீட்டையும் அறுத்துக்கொண்டு, கடைசி வீட்டைத் தாண்டி, தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கியது ஒரே கோடு.

தர்ஷினி அந்தக் கோட்டோடு நடந்தாள். மாத்தியா அவள் பின்னால் நடந்தார். மேலே கான் எங்கே உடைந்திருக்கிறது, தண்ணீர் எங்கே மண்ணுக்குள் போகிறது, மண் எந்தப் பக்கம் நகர்கிறது... சிங்களத்தில் அவள் பேசிக்கொண்டே போனாள். லயமே வாய் பார்த்துக்கொண்டு நின்றது.

திரும்பி வந்ததும் மாத்தியா, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். “இது பூசினது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதற்கு மட்டும் ஒற்றுமை.

“நான்தாங்க.”

“நல்லா தெரியுது அம்மே. ஆனா இனி பூச வேணாம்.”

இப்போது ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து மேல்கானை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பெரிய மழை பெய்தால் எந்த வழியாக ஸ்கூலுக்குப் போய் ஒதுங்க வேண்டும் என்று தர்ஷினி வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். வேறு இடத்தில் வீடு கிடைக்க இன்னும் எத்தனை பேர் வாசலில் நிற்க வேண்டுமோ, தெரியாது. ஆனால் மழைச் சத்தம் கேட்டால் முன்பு போல் விடிய விடிய விழித்திருப்பதில்லை.

பிள்ளைகளிடம் ‘என்ன பாடம் படிக்கிறே’ என்று கேட்கிறோம். உடனே ‘அதுக்கு வேலை இருக்கா’ என்று கேட்கிறோம். அந்தப் படிப்புக்கான வேலை நம் தலைக்கு மேலே மலையாக நின்றாலும் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்தால்தான் பூசி மறைத்துவிடுகிறோமே. நான் என் வீட்டுச் சுவரை மட்டும் சொல்லவில்லை.

ராமாயி நேற்று வந்தாள். “எம் பேத்தியையும் புவியியலே எடுக்கச் சொல்லட்டாக்கா?” என்று கேட்டாள்.

“அதுக்கு எது புடிக்குதுன்னு கேட்டியா?” என்றேன். கேட்கவில்லையாம்.

சரி தர்ஷினி, எழுதியது போதும், காலையில் உனக்கு ஆபீஸ் பஸ் இருக்கிறது. எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை வாசி, கேட்போம்... நீ அந்தக் கோட்டோடு நடந்தாயே, அந்த இடத்தை மட்டும் வெட்கப்பட்டு வேகமாக வாசிக்காதே.