பனியில் துடைத்த பேனல்

நான் நல்லூர்க்காரன். பனியன் கம்பெனிக் கூரைகளில் சோலார் மாட்டுவது என் வேலை. பழகிய டெய்லர் ஒருவர் கேட்டதால், தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் அவர் தங்கை வீட்டுக்கு மாட்டப் போனேன். தங்கை மகனுக்கு மூச்சிரைப்பு. கரண்ட் போனால் மூச்சுக்கு வைக்கும் மெஷின் நின்றுவிடும். அதற்காகத்தான் பேனலும் பேட்டரியும்.

வேலை முடிந்ததும் பையனின் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா, இது உப்புக்காத்துங்க. வாரம் ஒருக்கா நல்ல தண்ணி ஊத்திக் கழுவோணும். இல்லீன்னா கரண்ட் கொறைஞ்சிருமுங்க."

அக்கா சிரித்தார். "நாங்க குடிக்கதுக்கே லாரி வரணும். ஒங்க கண்ணாடிக்கு வேற தாகமா தம்பி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் நினைப்போடு மொட்டைமாடியில் படுத்தேன்.

விடியும்போது கண் விழித்தேன். கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. பேனலும் அதே நிறம். எல்லாம் பனியில் நனைந்திருந்தது. அக்கா ஒரு பழைய பனியனால், பிள்ளை முகத்தைத் துடைப்பதுபோல, பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தில் விடிவெள்ளி தெரிந்தது. கனவென்றே நினைத்தேன்.

"வானமே தண்ணி தருதே தம்பி. நீங்க தூங்குங்க."

எழுந்துபோய் பேனலின் ஈரத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. படிந்த உப்பு பனியில் கரைந்து வந்துகொண்டிருந்தது.

பேனலின் மறுபாதியை நான் துடைத்தேன். கீழே பையனின் மெஷின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் இப்படிக் கழுவுங்கள் என்று நானாகச் சொல்வதில்லை. "எப்படிப் பாத்துக்குவீங்க?" என்று முதலில் கேட்கிறேன்.