பரணில் கிடந்த ரம்ப மிஷின்

மலைக்கிராமமான கூக்காலில் மேனகா பழைய இன்ஜின்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறாள். மருந்தடிக்கும் பம்பு, பங்களாக்களில் துருவேறிக் கிடந்த புல்வெட்டும் மிஷின் என்று எது வந்தாலும் ஓட வைத்துவிடுவாள். கணவர் ராஜ்மோகனோடு சேர்ந்து நடத்திய பட்டறை அது. காற்றில் விழுந்த மரத்தை அறுக்கப் போன இடத்தில், அடிமரம் சரிவில் உருண்டு, கீழே நின்ற அவர் அதில் சிக்கி இறந்துபோனார். அவருடைய ரம்ப மிஷினை மேனகா சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாள்.

போன ஐப்பசி மழையில் பக்கத்துத் தோட்டத்து செல்வமுருகன் ஓடி வந்தான்.

"அக்கா, ரோட்டுல பெரிய மரம் விழுந்து கெடக்குங்க. நம்மூரு இந்து பிரசவ வலியோட ஜீப்புல கெடக்குறா. டவுன்ல இருந்து ஆள் வர மத்தியானம் ஆயிருமாம். அண்ணன் மிஷின் இருக்குங்களா?"

மேனகா பரணில் ஏறினாள். பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து கார்புரேட்டரை அடைத்திருந்தது. கழுவி ஊதினாள். பிளக்கை மாற்றினாள். இற்றுப்போன ஸ்டார்ட்டர் கயிற்றுக்குப் பதிலாக ஒரு புல்வெட்டியின் கயிற்றைக் கோத்து இழுத்தாள். இன்ஜின் இருமி இருமிப் பிடித்தது. அந்தச் சத்தத்தில் அவள் கை அணைக்கும் சுவிட்சுக்குப் போனது. ஆனாலும் அணைக்கவில்லை.

ரோட்டில் செல்வமுருகன் மரத்தில் ரம்பத்தை வைக்கப் போனான். மேனகா அவனைத் தடுத்து, சரிவில் நின்றவர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கீழ ஒருத்தரும் நிக்காதீங்க! வெரசா மேல ஏறுங்க!"

கடைசி ஆளும் ஏறிய பிறகுதான் அறுக்க விட்டாள். துண்டுகள் பள்ளத்தில் உருண்டன. ஜீப் கடந்து போனது.

செல்வமுருகன் மிஷினைத் திருப்பி நீட்டினான்.

"நீயே வச்சுக்க தம்பி. மழை இன்னும் முடியல" என்றவள், ஈர ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சாயங்காலம் இந்துவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது.