மச்சான் வாசித்த தாய்லாந்துக் காதல்

வாவிக்கரையில் வேலோடு நிற்கும் ஆறுமுகப் பெருமானே, இந்த எழுத்துக்கு நீ முன்னே நட. நான் பின்னே வருகிறேன். கூச்சம் வந்து பேனாவை இடறும் இடங்களில் நீயே கைகொடுத்துத் தூக்கிவிடு.

இன்று திருக்கார்த்திகை விளக்கீட்டு நாள். விடியற்காலையில் பெய்த மழை ஓய்ந்து, வாவியின்மேல் வெயில் விழுந்திருக்கிறது. இந்த நல்ல நேரத்தில் நான் எழுதத் துணிவது, இளைஞனும் இளைஞனும் காதல்கொள்ளும் ஆசிய நாடகங்களைப் பற்றி. நான்கு மாதமாக அவற்றைப் பார்த்துவருகிறேன். எழுபத்திரண்டு வயதில், நெற்றியில் திருநீற்றோடு, பின்னேரத் தேநீரோடு, ஒரு நாளும் தவறாமல்! அவற்றைப் பற்றி என்னிடம் ஏராளமான அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லுமுன், அந்த நாடகங்கள் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தன என்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் முருகன் கோயிலில் கந்தசட்டி ஆறு நாளும் மாலையில் புராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். அருகில் இருப்பவர் அதன் பொருளை விரித்துரைப்பார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். இருபத்தாறு வருடமாக வாசித்தவர் என் மனைவியின் தமையனார். பயன் சொன்னவன் நான். மச்சானுடைய குரல் மண்டபத்தையும் வீதியையும் கடந்து, வாவியில் தோணி தள்ளுகிறவர்களுக்கும் கேட்கும். சென்ற சித்திரையில் அவருடைய தொண்டையிலிருந்த கட்டியொன்றை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். தீங்கில்லாத கட்டி. காயமும் விரைவில் ஆறியது. குரல்தான் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்று வந்தது.

“நரம்பெல்லாம் நல்லா இருக்கு, ஐயா. குரல் பயந்துபோய்க் கிடக்கு. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் எதையாவது சத்தமா வாசிங்க, வந்திரும்” என்றார் டொக்டர்.

மச்சான் வாசிக்கவில்லை. “இந்தக் காத்துத் தொண்டையால சாமிட பாட்டப் படிக்கச் சொல்றீங்களா? என்னால ஏலா, மச்சான்” என்று கிசுகிசுத்தார். பத்திரிகையைக் கொடுத்தேன். மரண அறிவித்தல் இரண்டை வாசித்துவிட்டு மடித்துவைத்தார். ஆடி மாதம், கோயிற் பொறுப்பாளரான வண்ணக்கர் வந்து, இந்த முறை ஒலிப்பதிவு ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்ளலாம் என்று மிகுந்த அன்போடு சொன்னார். மச்சான் தலையாட்டினார். அவர் போனபின் மச்சானுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஐப்பசியில் அந்த ஆசனத்தில் ஒரு பெட்டி இருந்து பாடினால், அதன்பின் இவர் வாயைத் திறக்கவே மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கிழமைதான், தகப்பனோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மச்சானுடைய மகள், கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் வேலைசெய்பவள், எங்கள் தொலைக்காட்சியில் எதையோ செருகிவிட்டு என் மனைவியிடம் கேட்டாள்:

“மாமி, இது தாய்லாந்து நாடகம். பொடியனுகள் ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் விரும்புற கதை. பார்ப்பீங்களா?”

“அழுகை வருமா?”

“நல்லா வரும்.”

“அப்ப போடுகா.”

நிறுத்தச் சொல்லவே நான் எழுந்தேன், மறைக்க மாட்டேன். எழுந்தவன் நின்றபடி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டேன். பேருந்துத் தரிப்பிடம், பெருமழை. மெலிந்த பொடியன் ஒருவன் தன் குடையைப் பைக்குள் ஒளித்துவிட்டு, குடை பிடித்து நிற்கும் உயரமானவனை நோக்கி நனைந்துகொண்டே நடக்கிறான். கீழே தமிழில் எழுத்து ஓடியது. யாரோ ஆர்வலர்கள் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். என் மனைவிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பதால், ஓடுகிற எழுத்தைப் பிடிக்க முடியாது.

“என்ன எழுதிக்கிடக்கு? ஆராவது வாசிங்களன்!”

என் கண்ணாடி என்னிடம் இல்லை. திரைக்கருகே இருந்தவர் மச்சான். தங்கைக்காக, காற்றுக் குரலில், அவர் வாசித்தார்: “உன் குடை எங்கே?” அடுத்த வரியையும் வாசித்தார்: “வீட்டில் மறந்துவிட்டேன்.”

“பச்சைப் பொய்! பைக்குள்ள கிடக்கு, நான் கண்டன்!” என்று என் மனைவி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

மச்சான் மூன்றாவது வரியை வாசித்தார். நான்காவதையும் வாசித்தார். எழுத்து ஓடிவிடும் என்பதால் அவருக்குத் தம் குரலை நினைத்து நாணப் பொழுதில்லை. நிறுத்தச் சொல்ல எழுந்த நான் மெல்ல உட்கார்ந்தேன். முதற் பகுதி முடிந்தபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐம்பது நிமிடம்! டொக்டர் கேட்டதோ அரை மணித்தியாலம்!

அன்று முதல் அது எங்கள் பின்னேரப் படிப்பாயிற்று. அவர் வாசிப்பார்; பழக்கத்தால் நான் பயன் சொல்லத் தொடங்கிவிடுவேன். “இங்கே தலைவன் தன் வருத்தத்தை மறைத்துத் தோழனிடம் வேறொன்றைப் பேசுகிறான்” என்பேன். “அது எனக்கும் விளங்குது, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க” என்பாள் மனைவி.

என் உள்ளம் எப்படி இணங்கியது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாடி நரைத்த அடியார்கள் தம்மைப் பெண்ணாக வைத்து, இறைவனை நினைத்து உறங்காமல், வளை கழன்று விழ அழுத பாடல்களுக்கு நான் இருபத்தாறு வருடம் பயன் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தில் ஒருவரும் அதை விசித்திரமென்று எண்ணியதில்லை. அந்தக் காதல் இறைவன்மேற் சென்றது. அதையும் இதையும் ஒரு தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் பிரிந்தவன் சோற்றை அளைந்துகொண்டிருப்பதையும், வருவான் வருவான் என்று வாசலைப் பார்ப்பதையும் கண்டபோது, அந்தத் தவிப்பு எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது. பழகிய ஒன்றைக் கண்டு முகந்திருப்ப என்னால் முடியவில்லை.

இனி என் அபிப்பிராயங்கள். தாய்லாந்துக்காரர் காதலைச் சொல்வதில் வல்லவர்கள். ஆனால் ஒரு நாட்டில் இத்தனை பேர் பொறியியல் படித்தால் நெல் விதைப்பது யார் என்று தெரியவில்லை. தலைவன் அழுதுகொண்டிருக்கும்போதே குளிர்பானப் போத்தலைப் பெயர் தெரியும்படி திருப்பிப் பிடிப்பதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். எந்தக் கதையிலும் ஒருவனுக்குக் காய்ச்சல் வரும். மற்றவன் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக் கஞ்சி காய்ச்சுவான். அது எத்தனை முறை வந்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கதையில் வரும் ஒரே பெண்ணைப் பொறாமைக்காரியாக்குவதை என் மனைவி மன்னிப்பதில்லை. “அந்தப் பிள்ளையும் விரும்பித்தானே இருக்கா, அவட பக்கத்த ஒருத்தனும் கதைக்கிறான் இல்ல” என்பாள். அவள் சொல்வது முற்றிலும் சரி.

சீனத்தார் வாளும் நீண்ட அங்கியும் அணிவித்து, இருவரும் நண்பர்கள் என்றே முடிவுவரை சாதிப்பார்கள். ஆனால் அந்தக் கண்கள்! வாய் மறைப்பதைக் கண் சொல்லிவிடுகிறது. உள்ளுறை வைத்துப் பாடிய நம் பழம்புலவர்கள் கண்டிருந்தால் மெச்சியிருப்பார்கள். தாய்வானில் எடுத்த ஒன்றில், தகப்பன் மகனுடைய துணைவனுக்கு மீனின் நல்ல துண்டத்தை எடுத்துவைத்தான். ஒரு சொல்லும் பேசாமல் அவன் வைத்த அந்தத் துண்டத்துக்காகவே அந்த நாடகத்தை நான் இரண்டாம் முறையும் பார்த்தேன். பழைய திரைப்படங்கள் சிலவற்றின்மேல் எனக்குக் கோபம் உண்டு. இருவரில் ஒருவனைச் சாகடிக்காமல் கதையை முடிக்கத் தெரியாதா? காதலித்த குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்க இயக்குநர் என்ன நீதவானா?

எல்லாவற்றிலும் எனக்கு உயர்வாகத் தோன்றுவது யப்பானியருடையது. இருவர் எதிரெதிரே இருந்து சோறு உண்பதை ஒரு பகுதி முழுதும் காட்டிவிடுவார்கள்; நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் அது எங்கள் வீட்டில் தடைசெய்யப்பட்டது.

“வாயத் திறக்கிறானுகள் இல்ல. நான் எதப் படிக்கிற?” என்று மச்சான் சினந்தார். நியாயம்தானே! ஆகவே வாயாடிகளான தாய்லாந்துப் பொடியன்களையே நம்பினோம்.

புரட்டாதி பிறந்தது. மச்சான் நாள் தவறாமல் வாசித்தார். காற்று கொஞ்சம் தடித்திருந்தது. குரல் என்று சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. கந்தசட்டிக்கு ஒரு மாதமே இருந்தது. அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தின் நான்காம் பகுதியில், இருவரும் மலைநாட்டுக் கிராமமொன்றுக்குப் போனார்கள். அங்கே முதியவர் ஒருவர் எதையோ முணுமுணுத்தபடி இருவருடைய மணிக்கட்டிலும் வெள்ளை நூலைக் கட்டினார்.

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காப்பு! எங்கள் ஊர்க் கோயில்களில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர், அதை அவிழ்க்கும்வரை மச்சமாமிசம் உண்ணார், ஊரெல்லை தாண்டார், துணையைத் தீண்டார். அதற்குப்பின் மூன்று பகுதிகளிலும் அந்த இருவரும் தொட்டுக்கொள்ளவேயில்லை. ஒரே அறையில் இரண்டு பாயில் படுத்தார்கள். நான் பரவசத்தோடு பயன் சொன்னேன்: “விரதம் முடியும்வரை ஆசையை அடக்கிக் காத்திருக்கிறார்கள். இதுவல்லவா ஒழுக்கம்!” அவர்கள் ஊடலில் இருந்தார்கள் என்பதும், இவன் வேறொருவனை விரும்புகிறான் என்று அவன் தவறாக நினைத்துவிட்டான் என்பதும் எழுத்தில் ஓடியது; மச்சான் அதை வாசிக்கவும் செய்தார்; நான் அதைச் சட்டை செய்யவில்லை. ஒருவன் பொரித்த கோழி தின்றபோது, தேசத்துக்குத் தேசம் விரத விதி வேறுபடும் என்று அதற்கும் விளக்கமளித்தேன்.

“எங்கட பொடியனுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு வராது, மச்சான்” என்று அவர் பெருமைப்பட்டார்.

எட்டாம் பகுதி. மொட்டைமாடி. மழை. ஊடல் தீர்ந்துவிட்டது. உயரமானவன் மற்றவனின் கழுத்தில் கையை வைத்து, முகத்தை அருகே கொண்டுவருகிறான். அந்த மணிக்கட்டில், திரை நிறைய, வெள்ளை நூல். மச்சான் வாசிப்பதை நிறுத்தினார். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“டேய்! காப்பு! கையில காப்புக் கிடக்குடா! விடுடா அவன!”

முற்றத்து மாமரத்திலிருந்த காகங்கள் கிளம்பின. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அது காற்றல்ல, கரகரத்த, உடைந்த, ஆனால் மெய்யான குரல். இருபத்தாறு வருடம் என் இடப்பக்கத்தில் ஒலித்த குரல்! திரையில் அவர்கள் முத்தமிட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

“அண்ணா,” என்றாள் என் மனைவி, “கத்தினது நீங்களா?”

“நான்தான்…” என்றார். மறுபடி காற்றாகிவிட்டது. அவர் முகம் வாடிற்று.

குசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்த மச்சானுடைய மகள் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. “அப்பா, திரும்பப் போடுறன். திரும்ப ஏசுங்க!”

இவ்வாறாக, இறைபக்தியில் ஊறிய நாங்கள் மூன்று முதியவர்கள், ஒரு முத்தக் காட்சியைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டி நான்கு முறை பார்த்தோம். இரண்டாம் முறை பாதிக் குரல் வந்தது. மூன்றாம் முறை மனைவியும் நானும் சேர்ந்து ஏசினோம். நான்காம் முறை, ஏசி முடித்தபின்னும் குரல் நின்றது. “மச்சான்” என்று என்னை அழைத்துப் பார்த்தார். “தங்கச்சி” என்றார். இரண்டும் முழுச் சொற்களாக வந்தன. நாங்கள் சிரித்தோம், அழுதோம், தேநீர் ஆறிப்போயிற்று.

அதன் பிறகுதான் மகள் மெல்லச் சொன்னாள்: “அது விரதக் காப்பில்ல, அப்பா. வாற ஆக்கள வாழ்த்திக் கட்டுற நூல். கட்டிக்கொண்டு என்னவும் செய்யலாம்.”

மச்சான் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். “அப்ப நான் அந்தப் பிள்ளைகள அநியாயமா ஏசிப்போட்டனே. மன்னிச்சுக்கங்க, மக்கள்” என்று உரத்துச் சொன்னார்.

“நாலு நாளாப் பயன் சொன்னீங்களே, இப்ப சொல்லுங்களன்” என்றாள் மனைவி என்னைப் பார்த்து. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

குரல் வந்தது, உச்சஸ்தாயி வரவில்லை. கந்தசட்டிக்கு மூன்று நாளிருக்க, “மேல ஏறாது, மச்சான். சனம் சிரிக்கும்” என்று பின்வாங்கினார். தங்கை விடவில்லை. “நீங்க மேல ஏறிப் படிச்ச காலத்தில எனக்கு ஒரு சொல் விளங்கினதில்ல, அண்ணா. குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தன். அந்தப் பொடியனுகளுக்குப் படிச்சீங்களே, அப்படிப் படிங்க.”

கந்தசட்டியின் முதல் நாள் மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. வண்ணக்கர் முன்யோசனையாக ஒலிப்பதிவுப் பெட்டியையும் தூணோரம் வைத்திருந்தார். மச்சான் ஏட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் தொடங்கினார். இராகம் ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல், சொற்களைப் பிரித்து, யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல வாசித்தார். ஓரிடத்தில் குரல் பிசிறியது. நின்றார், எச்சில் விழுங்கினார், அதே வரியை இன்னும் தாழ்த்தி வாசித்தார். பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் முன்னே நகர்ந்து வந்ததைக் கண்டேன். நான்காம் பாட்டு முடிந்ததும் நான் தொண்டையைச் செருமிப் பயன் சொல்ல வாயெடுத்தேன். தூணில் சாய்ந்திருந்த முதிய மீன்காரர் கையை உயர்த்தினார்.

“ஐயா, குறை நினைக்காதீங்க. எங்களுக்கு விளங்கிட்டு. அவர வாசிக்க விடுங்க.”

மண்டபம் சிரித்தது. மச்சான் என்னைப் பார்த்தார். நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டிக்கொடுத்தேன். அவர் ஐந்தாம் பாட்டை எடுத்தார்.

இதை வாசித்த கண்களுக்கும், வாசிக்கக் கேட்ட செவிகளுக்கும் ஒளியும் தெளிவும் குறையாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் பேச்சு ஓயாதிருக்கட்டும். யார்மேல் அன்பு வைத்தீர்களோ அவர் உங்கள் அருகிலேயே நெடுங்காலம் இருக்க, கார்த்திகை மைந்தன் எல்லோரையும் காத்தருள்வானாக.