கீழே ஒன்று, மேலே ஒன்று

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து வருடமாகக் கிட்டார் வாசிக்கிறார். பதினைந்து வருடமும் ஒரே வேகத்தில். வேகமான இடம் வந்தால் கம்பிகளைப் பொத்தாம்பொதுவாகச் சுரண்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வார். பஸ் ஓட்டும் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன்தான் கூடப் பாடுவார். அந்த இடத்தில் மச்சான் குரலை உயர்த்தினால் குளறுபடி வெளியே தெரியாது.

மனைவி வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஊழியர்களுக்காகக் கலைநிகழ்ச்சி வைத்தார்கள். வாசிக்க இவரையும் பாட மச்சானையும் கூப்பிட்டார்கள். மச்சான் எடுத்த பாட்டின் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக ஓடியாக வேண்டும். முதல் ஒத்திகையிலேயே, கம்பியை மீட்டும் பிக் கையிலிருந்து பறந்து மச்சானின் டீயில் விழுந்தது. மச்சான் அதைக் கரண்டியால் எடுத்து, துடைத்துக் கொடுத்தார். பிறகு அதே டீயைக் குடித்து முடித்தார். அதுதான் இவருக்கு உறைத்தது.

நர்ஸான மனைவி கணவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. நான் ஊசிய இப்படிப் பிடிச்சா பேஷண்ட் எழுந்து ஓடிடுவாங்க."

அவர் விரலிலிருந்து பிக்கை உருவிப் பார்த்தாள், வரவில்லை. தளர்த்திப் பிடித்தால் நழுவியது, இறுக்கினால் கம்பியில் சிக்கியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி அகப்பட நான்கு நாள் ஆயிற்று.

இத்தனை காலமும் மேலிருந்து கீழேதான் மீட்டியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கை மேலே திரும்பும்போது சும்மாவே திரும்பியது. இனி கீழே ஒன்று, மேலே ஒன்று. செல்போனில் தாளம் ஓடவிட்டு, ஒரே கம்பியில், ஆமை வேகத்தில் வாசித்தார். பத்து முறை பிசிறில்லாமல் வந்தால்தான் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவார். வேலையிடத்திலும் கருவிப்பெட்டி மூடியில் விரல் அசைந்துகொண்டே இருக்கும். பழுது பார்த்த லிஃப்டில் ஏற வந்த ஒரு பெண், மெக்கானிக்குக்கே கை நடுங்குகிறதென்று நினைத்துப் படியேறிப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் பழைய வேகம்கூட வரவில்லை. வேறு பாட்டு எடுக்கலாம் என்று மச்சானிடம் கேட்டேவிட்டார்.

"எனக்கு ரிவர்ஸ் எடுக்க வர்றதுக்கே ஒரு வருஷம் ஆச்சு மாப்ள," என்றார் மச்சான். "யார்கிட்டயும் சொன்னதில்ல."

அன்று சாயங்காலம் மறுபடி ஒரே கம்பியிலிருந்து ஆரம்பித்தார்.

நிகழ்ச்சியில் அந்த இடம் வந்தது. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. வாசித்து முடித்து நிமிர்ந்தால், மச்சான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்கிறார், பாட மறந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அதையே இன்னொரு முறை வாசித்தார். இரண்டாவது முறை இன்னும் நன்றாக வந்தது.

வேண்டுமென்றேதான் பாடாமல் விட்டேன் என்று மச்சான் பிறகு சொல்லிப் பார்த்தார். அவர் தங்கை நம்பவில்லை.